பென்சிலால் அடித்த வரி

செங்கல்பட்டு பஜாரில் பை, பெட்டி, குடை விற்கும் கடை ஒன்றின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் கூட்டம் நடக்கும். அமைப்பு என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். மொத்தம் பதினோரு பேர். அதில் தவறாமல் வருகிறவர்கள் நாலைந்து பேர்தான். மனித உரிமை என்றெல்லாம் ரப்பர் ஸ்டாம்பில் இருக்கும். ஊரில் எங்களை 'மனு குடுக்கறவங்க' என்றுதான் சொல்வார்கள். கடைக்காரர்தான் பொருளாளர், எல்லோருக்கும் அவர் பாய். தலைவி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருப்பவர். பல வருடங்களுக்கு முன் தம்பியைத் தேடி ஒரு காவல் நிலைய வாசலில் மூன்று நாள் நின்றிருக்கிறார். அன்றிலிருந்து இதில் இருக்கிறார். நான் செயலாளர். யாருக்கும் சம்பளம் கிடையாது. டீ பாய் வாங்கித் தருவார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இடத்தில் யாருக்காவது அநியாயம் நடந்தால் நேரில் போய் விசாரித்து அறிக்கை எழுதுவோம். அது அச்சுக்குப் போகும் முன், எங்களில் ஒருவர் எதிராளியாக உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும். யார் மேல் புகாரோ அவருடைய கண்ணால் படிக்க வேண்டும். 'இதை நம்மிடம் வேலை செய்யும் எவன் சொல்லியிருப்பான்' என்று தேடித் தேடிப் படிக்க வேண்டும். ஆள் பிடிபடுகிற மாதிரி எந்த இடம் இருந்தாலும் பென்சிலால் அடித்துவிட வேண்டும். முதன்முதலாக இப்படிப் படித்தது ஓர் அரிசி ஆலை மேனேஜர் பற்றிய அறிக்கையை என்பதால், அந்த வேலைக்கு மேனேஜர் என்றே பெயர் வந்துவிட்டது.

"இன்னிக்கி யாரு மேனேஜரு?" என்பார் தலைவி.

"பாய்தான். மூஞ்சப் பாரு, இப்பவே சீட்ட கிழிக்கற மாதிரி கீது" என்பார் யாராவது.

பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மொதல்ல டீய குடிங்கப்பா. வேல போனப்புறம் டீ வராது" என்பார்.

அவர் எட்டாவது வரை படித்தவர். வரிக்குக் கீழே விரலை வைத்து, உதடு அசைய மெதுவாகப் படிப்பார். காதில் ஓர் அரைப் பென்சில் எப்போதும் இருக்கும். அவர் அடித்தால் அடித்ததுதான். மேனேஜருக்கு மேல் கோர்ட்டு கிடையாது என்பது தலைவியின் சட்டம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். மதுராந்தகம் ஏரித் தண்ணீர் பாயும் அடுத்தவர் நிலங்களில் நட்டு, களையெடுத்து, அறுத்து வாழ்ந்த குடும்பம். ஆறாவது படிக்கும்போதே தெருவில் உள்ளவர்களுக்கு ரேஷன் கார்டு மனு எழுதிக் கொடுத்தேன். தன்னால் படிக்க முடியாத அந்தத் தாளை நைனா கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு தமிழில் எம்.ஏ. படித்தேன். பிறகு நாவலூரில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை கிடைத்தது. எனக்குப் பெருமை இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. சரியாக எழுதப்பட்ட ஒரு பக்கத்தைப் பார்த்தால், இது என் கையிலிருந்து வந்தது, எங்கள் வீட்டிலிருந்து வந்தது என்று இன்னும் நெஞ்சு நிமிரும். அமைப்பில் சேர்ந்த சில மாதங்களிலேயே அறிக்கைகளை எழுதும் வேலை என்னிடம் வந்துவிட்டது. அதற்கு முன்பிருந்த அறிக்கைகள் தேதியும் இடமுமாகத் தட்டையாக இருக்கும். நான் எழுதியவற்றை ஆட்கள் கடைசி வரை படித்தார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் கடற்கரைச் சாலையோரம் ஒரு ரிசார்ட்டில் நடந்தது இது. அங்கே தோட்ட வேலை பார்த்தவர் அந்தப் பக்கத்து இருளர் ஒருவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். தங்க வந்தவர் ஒருவருடைய போனைக் காணவில்லை என்றதும், யாரையும் எதுவும் கேட்காமல் அவரைப் பிடித்தார்கள். ஜெனரேட்டர் அறையில் காலையிலிருந்து மாலை வரை வைத்து அடித்தார்கள். மாலையில் போன் அந்த விருந்தாளியின் கார் சீட்டுக்கு அடியில் கிடைத்தது. தோட்டக்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றும், அவரை யாரும் தொடவில்லை என்றும் நிர்வாகம் சொன்னது. உடம்பில் காயம் இருந்தது. ஆனால் அது அந்த அறையில் பட்ட காயம்தான் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும்.

சாட்சி ஒருவர் கிடைத்தார். ஜெனரேட்டர் அறைக்கு அடுத்த சுவர் லாண்டரி. அங்கே துணி மடிக்கிற வேலை பார்த்த அக்கா, திருவிடந்தைப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். கணவர் முதுகெலும்பு அடிபட்டுக் கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டிலும் முதல் படிப்பு அவளுடையதுதான். அதை அவர் என்னிடம் சொன்னபோது நான் சந்தோஷமாக என்னைப் பற்றிச் சொன்னேன்.

தலைவியும் நானும் அவரைச் சவுக்குத் தோப்புக்குள் வைத்துப் பார்த்தோம். அவர் உட்காரவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, சாலைப் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் சொல்றன். பேரு வரக் கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிச்சிடுவான். பொண்ணு படிப்பு நின்னு பூடும்."

"வராதுக்கா. எங்ககிட்ட அதுக்கு ஒரு மொற கீது" என்றார் தலைவி.

"விசாரணைன்னு பெரிய ஆபீசரு வந்து தனியா கேட்டா சொல்லிடறன். அத்தோட சரி."

பிறகு சொன்னார். மதிய ஷிப்டில் லாண்டரியில் அவர் மட்டும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டிருக்கிறது. முதலில் சாமான் இறக்குகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். பிறகு ஆள் குரல் கேட்டது. வெளியே போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை. வேலையை நிறுத்தவும் தெரியவில்லை.

"ஒரே பெட்ஷீட்ட மடிக்கறன், பிரிக்கறன், திருப்பியும் மடிக்கறன். எவ்ளோ நேரம்னு தெர்ல. சத்தம் நின்னப்புறம் பாத்தா அந்த ஒண்ணுதான் கையில கீது."

வீடு திரும்பும் பஸ்ஸில் எனக்கு அந்தப் பெட்ஷீட் தவிர வேறு நினைவே இல்லை. அன்றிரவே அறிக்கையின் முதல் வரியாக அதை எழுதினேன். 'சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதன் அடிபட்டுக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் ஒரு பெண், மடித்த ஒரே விரிப்பைப் பிரித்துப் பிரித்து மீண்டும் மடித்துக்கொண்டிருந்தாள்.' அதற்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது.

அந்த ஞாயிறு முகூர்த்த வாரம். தலைவிக்குக் கல்யாண ஜாக்கெட் வேலை, வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை. பாயும் நானும் மட்டும் மாடியில் இருந்தோம். அவர் முதல் வரியிலேயே விரலை நிறுத்தினார்.

"புடிச்சிட்டேன். இந்தம்மாவுக்கு நாளிக்கி வேல இல்ல" என்று பென்சிலை எடுத்தார்.

"பாய், இருங்க. அந்த வரிதான் இதுக்கு உயிரு."

"உயிருதான். அதாம்மா பயமா கீது."

"பேரே இல்லையே பாய். லாண்டரின்னுகூட நான் போடல."

"பேரு இன்னாத்துக்கு? எங்கடைக்கி வர்றவன நான் பேரு கேட்டா வெச்சிக்கறேன்? குடைய மடிக்கிற தினுச பாத்தா ஆளு யாருன்னு சொல்லிடுவேன்."

கோடு போட்டுவிட்டார். மொத்தம் நான்கு இடங்களில் பென்சில் கோடு விழுந்தது. நான் "சரி பாய்" என்றேன். உண்மையிலேயே சரி என்றுதான் அப்போது நினைத்தேன். பொய் சொல்லும் எண்ணம் இல்லை.

மறுநாள் காலை, நாவலூர் பஸ் பிடிக்கும் முன், டிடிபி கடையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தேன். பாய் அடித்த நான்கில் மூன்று இடங்களை எடுத்துவிட்டேன். முதல் வரிக்கு வந்தேன். அதைத் தேர்வு செய்து நீல நிறமாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை எடுத்தால் அறிக்கை 'மேற்படி விடுதியில்' என்று தொடங்கும். மற்ற எல்லா அறிக்கைகளையும் போல. அலுவலகங்களில் யாரும் படிக்காமல் அடுக்கி வைக்கிற தாள்களைப் போல. இந்தத் தாளைப் படிக்கிறவர் அதில் ஒரு கணம் நிற்க வேண்டும், அப்போதுதான் அந்தத் தோட்டக்காரருக்கு ஏதாவது நடக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். வரிக்குக் கீழே விரல் வைத்துப் படிக்கிற மனிதருக்கு ஒரு வாக்கியம் நன்றாக இருப்பது பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன்.

"பிரிண்டு குடுக்கலாமாக்கா?" என்றான் கடைக்காரன்.

"குடுத்துடு" என்றேன்.

நிறையப் பேர் படித்தார்கள். கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தோம், பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்தோம். ஒரு நிருபர் அந்த முதல் வரியை அப்படியே எடுத்துப் போட்டார். என்னோடு வேலை செய்யும் பெண்கள் போனில் அதைக் காட்டி, "இது நீயா எழுதின?" என்று கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு பாய் அச்சுப் பிரதியைக் கையில் எடுத்தார். முதல் வரியில் விரல் நின்றது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டீ சொல்லட்டா?" என்றார்.

அன்று மாலை ஊருக்குப் போனேன். நான் எழுதுகிற எதையும் நைனாவுக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். அவர் முழுவதும் கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அன்னிக்கி மதியம் அந்த ரூம்ல எத்தினி பொம்பளைங்க?" என்றார்.

"ஒருத்தர்தான் நைனா."

"அப்போ பேரு போட்டாச்சின்னு சொல்லு."

அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. இன்னும் விடை வராத கணக்கைப் பிள்ளை பார்க்கட்டும் என்று சுட்டிக் காட்டுகிற மாதிரி சொன்னார். எழுத்துக் கூட்டத் தெரியாத மனிதர். பாய் பிடித்ததை அவரும் பிடித்தார். நான் வெளியே வந்து அந்த அக்காவுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுநாள் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

நடந்ததை, அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டு வந்து தோட்டக்காரர் சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டோம். ரிசார்ட்டில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து மேனேஜர் அந்த முதல் வரியைப் படித்திருக்கிறார். பிறகு ஒரு பெட்ஷீட்டை அந்த அக்கா கையில் கொடுத்து, "மடிம்மா, எப்படி மடிக்கறேன்னு எல்லாரும் பாக்கட்டும்" என்றாராம். அவர் மடித்தாராம். மூலைக்கு மூலை சரியாக மடித்துக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாராம். அந்தச் சாலையில் வேறு எந்த விடுதியும் அவருக்கு வேலை தரவில்லை.

தலைவியும் நானும் குப்பத்துக்குப் போனோம். கதவு பாதி திறந்திருந்தது. அவர் எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை.

"உங்க மொறைன்னு சொன்னீங்களே. நல்ல மொற" என்றார் தலைவியிடம். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே அவர் மகள் தலை வாரிக்கொண்டிருந்தாள். கல்லூரிச் சீருடை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

விசாரணை அதிகாரி வந்தபோது, அன்றைக்குத் தான் விடுப்பில் இருந்ததாக அந்த அக்கா சொல்லிவிட்டார். வேலை போய்விட்டது, இனி ஊருக்குள்ளாவது நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். சாட்சி இல்லை என்று புகார் முடிந்தது. தோட்டக்காரர் எங்கள் மாடிக்கு வந்து, "அந்தக்காமேல கோச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, செய்யூர்ப் பக்கம் சவுக்கு வெட்டப் போய்விட்டார்.

எப்படி ஆள் தெரிந்தது என்று பேச ஒரு கூட்டம் போட்டோம். அறிக்கை மேசையில் கிடந்தது. தலைவி அந்த முதல் வரியைத் தொட்டு, "இது எப்படி உள்ள பூந்துச்சி? மேனேஜரு யாரு?" என்று கேட்டார்.

நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அல்லது அப்படி இப்போது நினைத்துக்கொள்கிறேன். அதற்குள் பாய் பேசிவிட்டார்.

"நாந்தான் உக்காந்தேன். கண்ணு மங்கிக்கினு வருது. உட்டுப்போச்சி."

"ஒன்ன கண்ணாடி மாத்துன்னு எத்தினி தபா சொல்றது பாய்? ஒரு பொம்பள பொழப்பு போச்சே."

"மாத்தறேம்மா."

காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசை மேல் வைத்தார். இனி வேறு யாராவது மேனேஜராக இருக்கட்டும் என்றார். என் கையில் டீ இருந்தது. அதன் மேல் ஆடை படிந்து சுருங்கியதைக் கூட்டம் முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகும் அந்த மாடிக்குப் போனேன், அறிக்கைகள் எழுதினேன். புதிதாகச் சேரும் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சில மாதங்களுக்கு ஒரு முறை பயிற்சி வகுப்பு நடத்துவோம். அதற்கான குறிப்பை நான்தான் தயாரித்தேன். பழைய தவறு ஒன்றை எழுதிச் சேர்க்கும்படி தலைவி சொன்னார். 'வாசித்தவரின் கவனக்குறைவால்' என்று எழுதினேன். விரல் கூசவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எழுதினேன். இரண்டு முறை அதை நின்று பாடமாக நடத்தினேன். இரண்டு முறையும் பாய் டீ தட்டோடு படியேறி வந்து, நான் முடிக்கும் வரை கதவருகே காத்திருந்தார்.

மூன்றாவது வகுப்பில் ஒரு பெண் கை தூக்கினாள். "மேடம், அந்த மேனேஜர் தாத்தா படிக்கிறப்ப தூங்கிட்டாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். "தூங்கிதான் பூட்டேன் கண்ணு. வயசாவுதில்ல" என்றபடி டீயைக் கொடுக்க ஆரம்பித்தார்.

அன்றுதான் சொன்னேன். அவர் அடித்தார், நான் எடுக்கவில்லை என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். பிள்ளைகள் டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு கலைந்த பிறகு தலைவி பாயிடம் போய், "எத்தினி தபா ஒன்ன ஏசிக்கீறேன். ஒரு வார்த்த சொன்னியா?" என்றார். பிறகு என்னிடம், "ஒரு வருசம் நீ எதும் எழுத வோணாம். பைல் அடுக்கு" என்றார். அடுக்கினேன்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பாயைக் கேட்டேன்.

"நீ போய்ட்டா யாரு எழுதறது? என்னிய திட்டினா நான் கீழ எறங்கி பை விப்பேன். அமைப்பு ஓடணுமே."

அதைக் கேட்டபோது நன்றியை விட அதிகமாக வேறு ஒன்று உறைத்தது. அன்று அந்தக் கூட்டத்தில் அவரும் யோசித்திருக்கிறார், நானும் யோசித்திருக்கிறேன். அவர் என்னைக் காப்பாற்றினார், அமைப்பைக் காப்பாற்றினார். நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். எங்கள் இருவருடைய யோசனையிலும் அந்த அக்கா இல்லை. அவர் மகள் இல்லை. பாயிடம் இதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒரு பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். "ஆமா" என்றார்.

அந்த அக்கா இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று எனக்கு முன்பே தெரியும். நாவலூரில் என் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலு வீடுகளில் வேலை செய்கிறார். விடியலில் இரண்டு பஸ் மாறி வந்து இறங்குவார். ஒருநாள் நிறுத்தத்தில் அவரைப் பார்த்த பிறகு, நான் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்து போக ஆரம்பித்தேன். உடம்புக்கு நல்லது என்று தோழிகளிடம் சொன்னேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் அப்படி நடந்தேன்.

வகுப்பு நடந்த மறுநாள் அவருடைய நிறுத்தத்திலேயே இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"மனு குடுக்கறவங்க" என்றார்.

பஸ் நிறுத்தப் பலகையில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாய் அடித்தது, நான் விட்டது, பிறகு மூடி வைத்தது. அவர் டிபன் தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்த பெரியவரு கண்ணு நல்லாதான் கீது."

"ஆமாக்கா."

"அத்த ஏன் உட்ட?"

நிறையப் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். தோட்டக்காரருக்காக, படிக்கிறவர்கள் நிற்பதற்காக.

"நல்லா இருந்துச்சுக்கா. அதனாலதான்."

"எனக்கு நல்லா இல்லியே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்பது போலச் சொன்னார். ஒரு பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. மகள் என்ன செய்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார். படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டது. ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள்.

"திருப்பி சேர சொன்னா மாட்டேன்றா. கூடப் படிச்சவளுங்க முன்னாடி போய்ட்டாளுங்களாம். அவளுக்கும் ஒன்ன மாதிரி வீம்பு."

மகள் மறுபடி சேர்வதற்கு நான் ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டேன். "நீ ஒண்ணும் பண்ண வோணாம். நீ பண்ணதே போதும்" என்றார். எழுந்து புடவையை உதறிக்கொண்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது வாரத்தில் இரண்டு நாளாவது அந்த நிறுத்தத்தில் அவரைப் பார்க்கிறேன். சில நாள் பேசுவார். சில நாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். என் தவறை எழுத வேண்டும் என்று தோன்றியபோது முதலில் அவரிடம்தான் கேட்டேன்.

"என்னிய பத்தியா? திருப்பியுமா?" என்றார்.

"வோணாம்னா எழுதல. எழுதினா ஊர மாத்திடறேன், வேலய மாத்திடறேன். கையில வெச்சிருந்த சாமானயும்."

"இன்னான்னு மாத்துவ?"

அவரே யோசித்தார். யோசிக்கும்போது முகத்தில் ஒரு குறும்பு வந்தது. நான் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை.

"துணி மடிக்கற வேலன்னு போடு. பெட்ஷீட்டு. நான் வேல செஞ்ச எடத்துல அத்த மிஷினு பண்ணிக்கினு இருந்துச்சி. ஆளே கெடையாது. எவன் தேடுவான்?"

ஆகவே இதில் வரும் லாண்டரி அவர் தந்தது. பெட்ஷீட் அவர் தந்தது. அந்தக் குப்பமும் அவர் குப்பம் அல்ல, அந்த நிறுத்தமும் அந்த நிறுத்தம் அல்ல. அன்று சுவருக்கு இந்தப் பக்கம் அவர் கை உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை இங்கே நான் எழுதவில்லை. பழைய அறிக்கையில் அது அச்சில் இருக்கிறது. அதைத் திரும்பப் பெற எனக்கு வழியில்லை.

எழுதி முடித்ததும் பை கடைக்குப் போய், இதைப் பாயிடம் கொடுத்தேன். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். காதில் பென்சில் இல்லை. கல்லாப் பெட்டியைத் திறந்து ஒன்றைத் தேடி எடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, வரிக்குக் கீழே விரல் வைத்துப் படித்தார். இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து குடை பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"அந்தம்மா ஏர்ற பஸ் நம்பர போட்டுகீற."

"அது இருந்தாதான் பாய், நெஜம் மாதிரி..."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் பேச்சை நிறுத்தினேன். அவர் கோடு போட்டார்.

எடுத்துவிட்டேன்.